தோல்வியைப் படித்த மனிதர்

(ஓர் ஆலைத் தொழிலாளர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த வாசகசாலையின் மூலையில் ஒரு சதுரங்கப் பலகை இருக்கிறது. அதைப் பற்றி இங்கே ஒரு தகராறு நடப்பதாகச் செயலாளர் தோழர் என்னிடம் சொன்னார். ஷிப்ட் முடிந்து வரும் வாலிபர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து விடுகிறார்களாம். பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. "பத்திரிகை படிக்கிற இடத்தில் ராஜா ராணி ஆட்டம் எதற்கு? ஜமீன்தார்கள் பொழுது போகாமல் ஆடியது நமக்கு என்னத்துக்கு?" என்று கேட்கிறார்கள். தீர்ப்புச் சொல்லும்படி இரண்டு தரப்பும் என்னை அழைத்திருக்கின்றன.

நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். சதுரங்கத்திலும் சூரன் அல்ல. சங்க ஆபீசில் ஒரு மூத்த தோழர், உடைந்த நூல் கட்டைகளைச் செதுக்கிக் காய்கள் செய்து எனக்குக் கற்றுக் கொடுத்தார். அவரை நான் ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. ஆகையால் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஒரு மனிதரின் வரலாற்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லிக் கொள்ளுங்கள்.

அவர் பெயர் மிகயீல் போத்வின்னிக். ரஷ்யர். உலக சதுரங்க சாம்பியன் பட்டத்தை மூன்று தடவை அடைந்தவர், மூன்று தடவை இழந்தவர். இழந்ததைத்தான் நான் முக்கியமாகப் பேசப் போகிறேன்.

1911 ஆகஸ்ட் 17ந் தேதி, பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் பக்கத்தில் குவோக்கலா என்ற ஊரில் பிறந்தார். அது அப்போது ஜார் மன்னனின் ஆட்சிக்கு உட்பட்ட பின்லாந்துப் பகுதி. குடும்பம் யூதக் குடும்பம். ஜார் ஆட்சியில் யூதர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் குடியிருக்க முடியாது. அவர்களுக்கென்று எல்லை போட்டிருந்தார்கள். தாயார் பல் வைத்தியர், தந்தை பல் கட்டும் தொழில் தெரிந்தவர். அந்தத் தொழில் கையில் இருந்ததால்தான் எல்லைக்கு வெளியே தலைநகருக்கு அருகில் வாழ அனுமதி கிடைத்தது. பையனுக்கு ஒன்பது வயதாகும்போது தந்தை குடும்பத்தை விட்டுப் பிரிந்து போனார். தாயார் நோயாளி. அவர் ஆலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை என்று நான் கதை கட்ட மாட்டேன். ஆனால் கஷ்டம் தெரிந்து வளர்ந்த பிள்ளை.

1923ல், பன்னிரண்டாம் வயதில், அண்ணனின் பள்ளித் தோழன் ஒருவன் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தான். அந்தக் காய்களும் கடையில் வாங்கியவை அல்ல, கையால் செய்தவைதான்.

அந்த வருஷங்களில் ரஷ்யாவில் என்ன நடந்து கொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அதுவரை கனவான்களின் கிளப்புகளில் இருந்த ஆட்டத்தைத் தொழிற்சாலைக்கும் பட்டாளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டு போக வேண்டும் என்று புதிய சோவியத் அரசு தீர்மானித்தது. சிந்திக்கப் பழகாத ஜனங்களைச் சிந்திக்கப் பழக்குவதற்கு அது ஒரு கருவி என்று நினைத்தார்கள். 1924 முதல் அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் கிரிலென்கோ என்ற பழைய புரட்சிக்காரர். அவருடைய முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1938ல் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் நிரபராதி என்று 1955ல் சொந்த நாடே அறிவித்தது. நல்லதைச் சொல்லும்போது இதை விழுங்கிவிட்டால் நான் பொய்யனாவேன்.

1925ல் மாஸ்கோவில் ஒரு பெரிய சர்வதேசப் போட்டி நடந்தது. அன்றைய உலக சாம்பியன், கியூபா நாட்டுக் காபாபிளாங்கா, அதில் ஆட வந்திருந்தார். நடுவில் ஓய்வு கிடைத்த நாளில் லெனின்கிராட் போய், பல பேரோடு ஒரே சமயத்தில் ஆடினார். பலகைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். சாம்பியன் நடந்து கொண்டே ஒவ்வொரு பலகையிலும் ஒரு காய் நகர்த்துவார். அந்த வரிசையில் மூக்குக் கண்ணாடி போட்ட பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் உலக சாம்பியனைத் தோற்கடித்தான். அவன்தான் போத்வின்னிக்.

இதற்குப் பிறகு என்ன செய்வோம்? மாலை போடுவோம், ஊர்வலம் விடுவோம், பையன் படிப்பை விட்டுவிடுவான். அவர் விடவில்லை. லெனின்கிராட் பாலிடெக்னிக்கில் மின்சார என்ஜினீயரிங் படித்தார். பெரிய மின் உற்பத்தி யந்திரங்கள் நிலைகுலையாமல் சீராக ஓடும்படி கட்டுப்படுத்துவது எப்படி என்பதே அவருடைய ஆராய்ச்சி. 1951ல் அதற்காக டாக்டர் பட்டம் பெற்றார். உலக சாம்பியனாக இருந்த காலத்திலும் அவர் வேலைக்குப் போகிற என்ஜினீயர்தான். பகலில் உழைத்துவிட்டு இங்கே வந்து உட்காருகிற உங்களுக்கு இது புரியும்.

1931ல், இருபதாம் வயதில், சோவியத் நாட்டின் சாம்பியனானார். 1933ல் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து ப்ளோர் என்ற பெயர் பெற்ற ஆட்டக்காரர் வந்தார். இருவருக்கும் பன்னிரண்டு ஆட்டங்கள். முதல் ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது போத்வின்னிக் இரண்டில் தோற்றிருந்தார், ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. காரியம் முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆறில் இரண்டை ஜெயித்து, ஆறுக்கு ஆறு என்று சமன் செய்தார். இந்தக் குணத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

1936ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் ஒரு போட்டி. உலக சாம்பியனாக அப்போது இருந்த யூவேயும், முன்னாள் சாம்பியன்களான லாஸ்கர், காபாபிளாங்கா, அலேகின் மூவரும் அதில் ஆடினார்கள். போத்வின்னிக் ஒரு ஆட்டத்திலும் தோற்காமல் காபாபிளாங்காவுடன் முதலிடத்தைப் பகிர்ந்து கொண்டார்.

1938ல் ஹாலந்தில் அதே காபாபிளாங்காவோடு அவர் ஆடிய ஆட்டம் உலகப் பிரசித்தம். அதை மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பலகையில் மிகச் சிறிய காய் சிப்பாய். ஒரு தடவைக்கு ஒரு கட்டம்தான் நகரும். முதல் அடியில் மட்டும் இரண்டு போகலாம். பின்னால் திரும்ப முடியாது. காபாபிளாங்கா தன் ராணியையும் ஒரு குதிரையையும் பலகையின் ஒரு ஓரத்துக்கு அனுப்பி ஒரு சிப்பாயைப் பிடித்துக் கொண்டார். லாபம்தான். அந்த நேரத்தில் போத்வின்னிக் நடுப் பலகையில் தன் சிப்பாய்களை முன்னே தள்ளினார். ஒரு சிப்பாய் மேலே மேலே போய் எதிரியின் எல்லைக்குள் நின்றது. அதன் வழியை மறித்து நின்றது எதிரியின் ராணி. அப்போது போத்வின்னிக் தன் பிஷப்பை அந்த ராணியின் வாயில் கொண்டு போய் வைத்தார். ராணி அதைத் தின்றது, வழி திறந்தது. பின்னர் ஒரு குதிரையையும் பலி கொடுத்தார். சிப்பாய் நடந்தது. காபாபிளாங்கா ஆட்டத்தை விட்டுக் கொடுத்தார். பெரிய காய் இரண்டைக் கொடுத்து ஒரு சிப்பாயின் பாதையைத் திறந்தார், அவ்வளவுதான் விஷயம். ராஜா ராணி ஆட்டம் என்று கோபப்படுகிற பெரியவர்கள் இந்த ஒரு ஆட்டத்தையாவது பார்க்க வேண்டும்.

இனி தோல்விக்கு வருகிறேன்.

1940ல் சோவியத் சாம்பியன் போட்டியில் அவர் முதல் நான்கு இடத்துக்குள்கூட வரவில்லை. மண்டபத்தில் ஒரே இரைச்சல், ஒரே சிகரெட் புகை. அவருக்குப் புகை ஆகாது. மண்டபத்தின் மேல் பழி போட்டுவிட்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். என்ன செய்தார் தெரியுமா? ரகோஸின் என்ற நண்பரைக் கூப்பிட்டார். பயிற்சி ஆட்டம் ஆடும்போது ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னார். தன் முகத்தின் மேலேயே புகையை ஊதச் சொன்னார். அந்தப் புகையில் உட்கார்ந்து சிந்திக்கப் பழகினார். அடுத்த வருஷம், 1941ல், நாட்டின் தலைசிறந்த ஆறு பேர் மோதிய போட்டியில் முதலாவதாக வந்தார். தறிச் சத்தத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு இந்தப் பயிற்சியின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. கண் பார்வை சரியில்லாததால் அவரைப் பட்டாளத்தில் சேர்க்கவில்லை. யூரல் பகுதிக்கு அனுப்பப்பட்டு மின்சார வேலையில் இருந்தார். சதுரங்கத்தைப் படிக்க வாரத்தில் சில நாள் அவகாசம் கேட்டு மேலிடத்துக்கு எழுதி, அனுமதியும் பெற்றார். 1944லிலும் 1945லிலும் மறுபடி சோவியத் சாம்பியன் ஆனார்.

உலக சாம்பியனாக இருந்த அலேகின் 1946ல் இறந்து போனார். பட்டம் காலியானது. 1948ல் ஹாலந்தின் ஹேக் நகரத்திலும் மாஸ்கோவிலும் ஐந்து பேருக்குப் போட்டி வைத்தார்கள். ஜெயித்தால் ஒரு புள்ளி, சமமானால் அரைப் புள்ளி. ஆளுக்கு இருபது ஆட்டம். போத்வின்னிக் 14 புள்ளி, ஸ்மிஸ்லாவ் 11, கெரஸும் ரெஷெவ்ஸ்கியும் பத்தரை, யூவே 4. போத்வின்னிக் உலக சாம்பியன். அந்தப் போட்டியில் எஸ்தோனியக்காரரான கெரஸின் மேல் நிர்ப்பந்தம் இருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு முன்னும் பின்னும் பல வருஷங்களாகப் பலகையின் மேல் அவர் காட்டிய பலம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது.

சாம்பியனான பின் மூன்று வருஷம் அவர் போட்டிகளில் ஆடவே இல்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உழைத்துக் கொண்டிருந்தார். 1951ல் பிரான்ஸ்டீன் என்ற இளைஞர் சவால் விட்டார். 24 ஆட்டம். 22 ஆட்டம் முடிந்தபோது இளைஞர் ஒரு புள்ளி முன்னால் நின்றார். 23வது ஆட்டத்தைப் போத்வின்னிக் ஜெயித்தார். கடைசி ஆட்டம் சமம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. விதிப்படி பட்டம் சாம்பியனிடமே தங்கியது. 1954ல் ஸ்மிஸ்லாவோடும் அதே கணக்கு, அதே முடிவு. 1957ல் ஸ்மிஸ்லாவ் மறுபடி வந்தார். பன்னிரண்டரைக்கு ஒன்பதரை. போத்வின்னிக் பட்டத்தை இழந்தார். வயது நாற்பத்தைந்து.

அந்த நாட்களில் ஒரு விதி இருந்தது. தோற்ற சாம்பியன் அடுத்த வருஷமே திரும்ப ஆடக் கேட்கலாம். கேட்டால் மட்டும் போதுமா? ஜெயிக்க வேண்டுமே! அவர் வீட்டுக்குப் போய்த் தோற்ற ஆட்டங்களை எடுத்துப் போட்டுக் கொண்டார். எங்கே பிசகினேன்? எந்த நிலையில் எனக்கு அவசரம் வந்தது? எதிராளிக்கு எது சௌகரியமாக இருந்தது? புதிதாக ஒரு தற்காப்பு முறையைத் தயார் செய்து கொண்டு 1958ல் உட்கார்ந்தார். முதல் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்தார். பன்னிரண்டரைக்கு பத்தரை என்று பட்டத்தை மீட்டார்.

தோழர்களே, இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுநேர ஊழியனாக வந்த புதிதில், ஒரு கிராமத்தில் அறுவடைக் கூலிக்காக விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டினோம். பதினோரு நாள் நின்றோம். ஒன்றும் கிடைக்கவில்லை. வேலைக்குத் திரும்பினோம். நான் ஒரு நோட்டீஸ் எழுதினேன், "மகத்தான வெற்றி" என்று. அதை வாசித்துக் காட்டியபோது வயதான ஓர் அம்மாள் எழுந்து, "ஏன் தம்பி, ஜெயிச்சோம்னு எழுதியிருக்கியே, அப்ப கூலி ஏன் ஏறல?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த ஊர் ஆட்கள் அறுப்புக்கு வருவார்கள் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அவர்களிடம் முன்கூட்டிப் போய்ப் பேசவும் இல்லை. தோல்வியை வெற்றி என்று எழுதியதால், அந்தத் தவறை அந்த வருஷம் யாரும் பேசவில்லை. மறு வருஷமும் அதே தவறைச் செய்தோம். அந்த அம்மாளின் கேள்விக்கு நான் பட்ட கடன் இன்னும் இருக்கிறது.

போத்வின்னிக் இளைஞர்களுக்குச் சொன்ன முறை இதுதான். உன் ஆட்டங்களை எழுதி வை. நீயே அலசிப் பார். அத்தோடு நின்றுவிடாதே. உன் அலசலைப் பத்திரிகையில் வெளியிடு. நீ பார்க்காத பிழையை வேறொருவன் பார்ப்பான். தனியாக அறையில் உட்கார்ந்து தன்னை விமர்சித்துக் கொள்கிறவன் தனக்குச் சலுகை காட்டுவான். ஊரார் முன் வைத்தால் சலுகை கிடையாது. நாம் சுயவிமர்சனம் என்று வாய் வலிக்கச் சொல்கிறோமே, அதை அவர் 64 கட்டத்தில் செய்து காட்டினார்.

1960ல் மறுபடி தோற்றார். எதிரி லாட்வியாவின் ரீகா நகரத்து வாலிபர் தால், வயது 23. மின்னல் வேக ஆட்டக்காரர். காய்களை வாரி வாரிப் பலியிட்டு எதிரியைத் திணற அடிப்பார். பன்னிரண்டரைக்கு எட்டரை. "கிழவர் காலம் முடிந்தது" என்றார்கள். 1961ல் திரும்ப ஆடினார்கள். போத்வின்னிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயது. தாலுக்குப் பிடித்த குழப்பமான நிலைகளுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. வழிகளை அடைத்து, காய்களைக் குறைத்து, ஆட்டத்தைப் பொறுமை வேண்டிய பாதைக்கு இழுத்தார். பதின்மூன்றுக்கு எட்டு என்று ஜெயித்தார். தால் அப்போது சிறுநீரக நோயால் கஷ்டப்பட்டுக் கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1963ல் மூன்றாவது தோல்வி. எதிரி பெட்ரோசியன், ஆர்மீனியர், திபிலிசி நகரத்தில் ஒரு காவல்காரரின் மகன். யுத்த காலத்தில் தாய் தந்தையை இழந்து, வீதி கூட்டி வயிறு வளர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளை உலக சாம்பியனானான். இந்தத் தடவை திரும்ப ஆடும் உரிமை இல்லை, விதியை எடுத்துவிட்டார்கள். போத்வின்னிக் மறுபடி பட்டத்துக்கு முயலவில்லை. 1970ல் போட்டி ஆட்டத்தையே நிறுத்திக் கொண்டார்.

அவர் அதற்குப் பின்னும் ஓயவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். யூரல் பகுதியில் ஸ்லதவூஸ்ட் என்ற தொழிற்சாலை நகரத்திலிருந்து கார்ப்பாவ் என்ற சிறுவன் வந்தான். அவனிடம் சதுரங்க ஞானமே இல்லை, இவன் தேற மாட்டான் என்று போத்வின்னிக் நினைத்தார். அந்தச் சிறுவன் அவர் கொடுத்த வீட்டுப் பாடங்களை விடாமல் செய்தான். 1975ல் உலக சாம்பியன் ஆனான். ஆசிரியரின் கணக்கும் தப்பும்! பிறகு காஸ்பராவ் வந்தார், 1985ல் கார்ப்பாவையே ஜெயித்து சாம்பியன் ஆனார். அதே பள்ளியில் பயின்ற கிராம்னிக் 2000ல் காஸ்பராவைத் தோற்கடித்தார். ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள் மூன்று உலக சாம்பியன்கள்.

சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டரை உருவாக்கவும் அவர் பல வருஷம் பாடுபட்டார். தேர்ந்த மனிதன் சிந்திக்கிற மாதிரியே யந்திரமும் சிந்திக்க வேண்டும் என்பது அவர் வழி. அந்த முயற்சி பலிக்கவில்லை. வேகமாகக் கணக்குப் போடும் யந்திரம்தான் 1997ல் காஸ்பராவைத் தோற்கடித்தது. அதைப் பார்க்கப் போத்வின்னிக் இல்லை. 1995 மே 5ந் தேதி மாஸ்கோவில் காலமானார். அதற்குள் சோவியத் யூனியனும் கலைந்து போயிருந்தது.

அந்தச் சதுரங்கத்தின் ஒரு கிளை நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் தால் பெயரிலேயே ஒரு சதுரங்கக் கழகம் இருந்தது. சிறுவனாக அங்கே போய் ஆடிய விசுவநாதன் ஆனந்த்தான் பின்னாளில் உலக சாம்பியன் ஆனார்.

தீர்ப்பு கேட்டீர்கள். பலகையை எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வாலிபத் தோழர்களுக்கு ஒரு நிபந்தனை. பலகைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்க விடுங்கள். ஆடுகிற ஆட்டத்தை எழுதுங்கள். தோற்றவன் தன் ஆட்டத்தை மறுநாள் எல்லோர் முன்னும் போட்டுக் காட்டி, எங்கே தப்பு என்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பழக்கம் பலகையில் வந்துவிட்டால், சங்கக் கூட்டத்திலும் வரும்.

நானும் அந்த நோட்டில் எழுதுகிறேன். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒரு தோழர் என்னோடு ஆட உட்காருங்கள். தோற்பேன் என்றுதான் நினைக்கிறேன். எங்கே தோற்றேன் என்று நாளைக் காலையில் இதே இடத்தில் சொல்கிறேன்.